ஆயாக் கொட்டகை போனது, வரிக்கழிவு வந்தது

ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் அக்டோபரில், பட்ஜெட் தாக்கலான மறுநாள், பத்திரிகைகளில் ஒரு நீளப் பட்டியல் வரும். யாருக்கு எவ்வளவு வரிக்கழிவு, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை, எதற்கெல்லாம் வரி கூடியது என்று. மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது, தொகையைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த உதவி எந்த வழியாக வருகிறது? வருமான வரி வழியாகவா, சம்பளச் சீட்டு வழியாகவா, அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கிறதா? எங்கள் ஊரில் ஒரு கொள்கை வீடு வந்து சேர்வதும் நடுவழியில் நின்றுபோவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான்.

முதலில் வரிக்கழிவை எடுத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்கு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400. அதில் தனிநபர் கழிவு 9,000 போகிறது. ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கும் 11 விழுக்காடு, அதாவது 2,244, அதுவும் போகிறது. மிச்சம் 9,156. முதல் 5,000-க்கு வரி கிடையாது, அதற்கு மேல் உள்ளதற்கு 1 விழுக்காடு. வரி ஏறக்குறைய 42 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால் அந்த 42-உம் அழிந்துவிடும். கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மாதம் சுமார் 3,400 ரிங்கிட் சம்பாதிக்கும் தனி ஆள்வரை இதே நிலைமைதான். கல்யாணமாகி, மனைவி வேலைக்குப் போகாமல், பிள்ளைகளும் இருந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

கட்ட வேண்டியதே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 2,000 ரிங்கிட் கழிவு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு 8,000, பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000, பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு மையத்துக்குக் கட்டும் கட்டணத்துக்கு 3,000. குடும்பங்களுக்கு அரசாங்கம் செய்யும் உதவி என்று மேடையில் சொல்லப்படுவதில் பெரும் பகுதி இவைதான். ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டி 25 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவரின் மகள் பல்கலைக்கழகம் போனால், அந்த 8,000 கழிவால் அவர் கையில் 2,000 ரிங்கிட் மிச்சமாகிறது. அதே வகுப்பில், பக்கத்து நாற்காலியில், சுங்கை சிப்புட்டில் இருந்து போன ஒரு கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பாவுக்கு மிச்சம் எதுவுமில்லை. யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் என்று நான் சொல்லவில்லை. வரி கட்டுகிறவருக்குத்தானே கழிவு. ஆனால் இதற்குக் குடும்ப நலக் கொள்கை என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் வரியே கட்டுவதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 விழுக்காட்டில் வந்த பொருள், சேவை வரியான ஜி.எஸ்.டி. 2018 ஜூனில் பூஜ்யமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. சேவை வரி 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 விழுக்காடானது. 2025 ஜூலையில் இரண்டு வரிகளும் இன்னும் பல பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விரிந்தன. அரிசி, கோழி, காய்கறி போன்ற அடிப்படை உணவுப் பொருள்களை இதில் சேர்க்கவில்லை. அது நல்ல முடிவு, ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விற்பனை வரி என்பது தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ ஒரே தடவை விழுவது. கடைக்கு வரும்போது அது விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். ஜி.எஸ்.டி. காலத்தில் ரசீதின் அடியில் வரித் தொகை தனி வரியாக நின்றது, சனங்களுக்குக் கோபம் வந்தது. இப்போது மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் வாங்குகிறவருக்கு எவ்வளவு வரி கட்டினோம் என்றே தெரிவதில்லை.

கொடுப்பதைத் திருப்பித் தரும் வழி ரொக்க உதவி. 2012-இல் 500 ரிங்கிட்டாக பிரிம் என்ற பெயரில் தொடங்கி, பெயர்கள் மாறி மாறி இன்றைக்கு எஸ்.டி.ஆர். ஆகியிருக்கிறது. இது வரிக்கழிவைவிட எவ்வளவோ மேல், சந்தேகமே இல்லை. 2025-இல் ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, மாத வருமானம் 2,500-க்குள் இருந்தால் 1,500 ரிங்கிட். 2,501 முதல் 5,000 வரை என்றால் அதில் பாதி, 750.

இந்த 2,500 என்ற கோட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. 2021-இல் உதவித்தொகையின் பெயர் பி.பி.ஆர். அப்போதும் முதல் பிரிவின் எல்லை 2,500-தான். அந்த நேரம் குறைந்தபட்சச் சம்பளம் பட்டணங்களில் 1,200, மற்ற இடங்களில் 1,100. கணவன் மனைவி இரண்டு பேரும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தால் 2,400, முதல் பிரிவுக்குள் வந்துவிடுவார்கள். 2022 மே மாதம் சம்பளம் 1,500 ஆனது, இரண்டு பேருக்கும் சேர்த்து 3,000. இப்போது 1,700, சேர்த்து 3,400. கோடு மட்டும் 2025 வரை அதே இடத்திலேயே நின்றது. ஆக, நாட்டிலேயே சட்டப்படி மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் இரண்டு பேர், வேலை மாறாமல், பதவி உயராமல், ஓர் அரசாணை சம்பளத்தைக் கூட்டியதாலேயே முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். சம்பள உயர்வோடு ஒப்பிட்டால் இழப்பு சிறியது என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் மட்டும் வேலை செய்யும் வீட்டில், கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. சேர்த்து 2,480 வாங்கியவர் 2,520 வாங்க ஆரம்பித்தால் மாதம் 40 ரிங்கிட் கூடுகிறது, ஆண்டுக்கு 480. உதவித்தொகையில் 750 போய்விடும். படிப்படியாகக் குறைய வேண்டியது ஒரேயடியாக வெட்டுப்படுகிறது. குறைந்தபட்சச் சம்பளத்தில் இரண்டு பேர் என்பதையே முதல் பிரிவின் எல்லையாக வைத்து, சம்பளம் உயரும்போதெல்லாம் அதுவும் தானாக உயரும்படி செய்வதில் பெரிய சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தோட்டம் செய்துவந்த வேலை

இப்போது பிள்ளை வளர்ப்புக்கு வருவோம். இங்கேதான் தோட்டப் பட்டணத்தின் கதை மற்ற ஊர்களின் கதையிலிருந்து பிரிகிறது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டிய காலத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அம்மா மரத்துக்குப் போவாள். காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கத் தோட்டத்து டிரசர் இருந்தார். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு இருந்தது. இவையெல்லாம் முதலாளியின் தாராள மனசு இல்லை, சட்டம் அவர்மேல் சுமத்திய கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறது. அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. ஒரு வயதான ஆயாவிடம் ஒரு கூட்டப் பிள்ளைகள், எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை, மழையில் ஒழுகும் லயம் என்று பெரியவர்கள் சொல்லும் கதைகள் போதும். ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலையோடு சேர்ந்த விஷயம் என்ற எண்ணமாவது அந்த ஏற்பாட்டில் இருந்தது.

1950-களின் கடைசியிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. ஆள் குறைவாகத் தேவைப்பட்டது, அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. சனங்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ஆயாக் கொட்டகை வரவில்லை. தோட்ட முதலாளியின் கடமை தோட்ட எல்லையோடு முடிந்துவிட்டது. அந்தக் கடமையை எந்த அமைச்சும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் இடத்தில் அரசாங்கம் வைத்ததில் முக்கியமானது, மேலே சொன்ன 3,000 ரிங்கிட் வரிக்கழிவு. வரி கட்டாதவருக்கு அது எட்டாது. வரி கட்டுகிறவராக இருந்தாலும், பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போனால் செல்லாது, மையம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். அந்த 1990 சட்டமோ, 2019-இல் திருத்தப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளைப் பற்றிய பேச்சாகவே காதில் விழுகிறது.

பிரசவ விடுப்பைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் 60 நாள் 98 நாளானது. அப்பாக்களுக்கு 7 நாள். உழைக்கும் பெண்களுக்கு நல்ல சட்டம், நான் மனதார வரவேற்ற சட்டம். ஆனால் அந்த 98 நாள் சம்பளத்தை யார் கொடுப்பது? நம் நாட்டில் முழுக்க முழுக்க அந்த முதலாளியே கொடுக்க வேண்டும். இதற்கென்று பொதுவான காப்புறுதி நிதி கிடையாது. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்தால்தான் அந்தச் சம்பளம். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு செலவுக் கணக்கு. நாலைந்து பேரை வைத்து நடத்தும் கடைக்காரருக்கோ, ஆள் பிடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரருக்கோ, இளம் பெண்களை நிரந்தரமாக எடுக்காமல் இருக்க இதுவே காரணமாகிவிடுகிறது. நாள் சம்பளம், சேமநிதி கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. 98 நாள் என்று சட்டத்தில் இருக்கும், அவள் பெயர் எந்தப் பேரேட்டிலும் இருக்காது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மாதிரி ஒரு பொது நிதிக்கு எல்லா முதலாளிகளும் சிறுகச் சிறுகக் கட்டி, பிரசவகாலச் சம்பளத்தை அந்த நிதியே கொடுத்தால், ஒரு பெண்ணை வேலைக்கு எடுப்பதற்கு யாரும் தயங்க வேண்டியிருக்காது.

கோயில் தாலியும் பதிவுச் சான்றிதழும்

1982 மார்ச் 1-ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பத்து வருசம் சேர்ந்து வாழ்ந்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் இல்லை. தோட்டப்புறத்தில் இதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

விளைவு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தெரியும். பெற்றோர் சட்டப்படி மணமுடிக்காதவர்கள் என்றால், பிள்ளையின் குடியுரிமை அம்மாவின் நிலையைப் பொறுத்தது என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அப்பா நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும், அம்மா வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், கல்யாணம் பதியவில்லை என்றால், பிள்ளை இந்த மண்ணிலேயே பிறந்தும் குடிமகன் ஆவதில்லை. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்றுக்கொண்ட திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நியாயம் செய்தது. இந்தப் பிள்ளைகளின் சிக்கல் அதில் தீரவில்லை.

இதைக் குடும்பக் கொள்கை என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் மற்ற எல்லா உதவிக்கும் வாசல் இதுதான். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருக்கும் மைகாட் என்னும் அடையாள அட்டையில் 100 ரிங்கிட் வந்தது. விண்ணப்பம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, கடையில் அட்டையைக் கொடுத்தால் பொருள் கிடைத்தது. செப்டம்பர் கடைசியில் வந்த புடி95 திட்டத்திலும் அதே மைகாட்டுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட்டில் பெட்ரோல், கூடவே செல்லுபடியாகும் வாகனம் ஓட்டும் லைசென்சும் வேண்டும். இப்படி அட்டை வழியாக வருபவை எங்கள் ஊருக்குத் தடங்கல் இல்லாமல் வந்து சேர்கின்றன. அட்டை இல்லாதவருக்கு எல்லாமே ஒன்றாக மூடிவிடுகின்றன. திருமணப் பதிவுக்காகவும் பிறப்புப் பத்திரத்துக்காகவும் கோயில்களில் முகாம் போடும் இயக்கங்களின் உழைப்பை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரு பதிவு, ஒரு பிள்ளையின் ஆயுள் முழுக்க வரப்போகும் உதவிகளுக்குச் சமம்.

ஒரு வெள்ளி கிளினிக்

சுகாதாரத்தில் இந்த நாடு செய்ததில் மிகப் பெரியது அரசாங்கக் கிளினிக். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கொடுத்தால் டாக்டரும் பார்ப்பார், மருந்தும் கிடைக்கும். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. 2025-க்குச் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன் ரிங்கிட். இவ்வளவு எளிய சனங்களுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் வேறு ஒரு செலவு அரசாங்கக் கணக்கில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஆனால் எங்கள் சனங்களின் பெரிய வியாதி நீரிழிவு. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜூலையில்தான் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி வந்தது, லிட்டருக்கு 40 சென். 2024-இல் 50 சென், 2025-இல் 90 சென். டின்னிலும் போத்தலிலும் வரும் பானத்தின் சர்க்கரையை நிறுவனங்களே குறைத்துக்கொள்ள இது தூண்டும் என்பது சரி. ஆனால் எங்கள் ஊரில் சர்க்கரை அதிகமாக உள்ளே போவது டின்னிலிருந்து இல்லை. காலையில் ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் வடையோடு ஒன்று. கடையில் கலக்கும் தேநீரை அந்த வரி தொடுவதில்லை. சீனியின் விலையோ, கிலோ 2.85 ரிங்கிட் என்று அரசாங்கமே பல ஆண்டுகளாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. போத்தல் பானத்தின் விலையை வரி ஏற்றுகிறது, மூட்டைச் சீனியின் விலையைக் கட்டுப்பாடு இறக்கி வைக்கிறது. சீனி விலையை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வராது, ஏழை வீட்டுச் செலவு அது. ஆனால் வரியை மட்டும் நம்பினால் நீரிழிவு குறையாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மது வரியும் இப்படித்தான். 2025 நவம்பரில் 10 விழுக்காடு கூடியது. குடி குடும்பங்களை என்ன செய்திருக்கிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதனால் வரி கூடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்கக் கூடாது. நல்ல சரக்கின் விலை ஏறும்போது, கள்ளச் சரக்கைப் பிடிக்கும் அமலாக்கமும் கூட வேண்டும்.

நீரிழிவு முற்றினால் சிறுநீரகம். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அடிப்படைக் காரணம் நீரிழிவுதான். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம், உயிர் உள்ளவரை. இங்கே வந்ததும் மேலே பார்த்த எல்லாக் கொள்கைகளும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. தகுதி உள்ள சந்தாதாரருக்கு டயாலிசிஸ் செலவைச் சொக்சோ ஏற்றுக்கொள்கிறது. தகுதி என்பது, இயலாமை ஓய்வூதியத்துக்குத் தேவையான அளவு சந்தா கட்டியிருப்பது. முழு ஓய்வூதியத்துக்கு, கடைசி 40 மாதத்தில் குறைந்தது 24 மாதம் கட்டியிருக்க வேண்டும். இருபது வருசம் குத்தகைக்காரரிடம் புல் வெட்டியவரும், லோரியில் மூட்டை ஏற்றியவரும், உணவகத்தில் பாத்திரம் கழுவிய பெண்ணும் நாட்டுக்கு உழைத்தவர்கள்தான். அவர்கள் பெயரில் சந்தா போகவில்லை. பிரசவத்தில் 98 நாளை இழந்த அதே பெண், ஐம்பது வயதில் டயாலிசிஸ் உதவியையும் இழக்கிறாள். இரண்டு தடவையும் காரணம் ஒன்றே: சம்பளச் சீட்டு கிடையாது.

போய்வரும் செலவு இன்னொரு பிரச்சினை. சுங்கை சிப்புட்டில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டாக்டருக்கு ஐந்து வெள்ளி. காலில் புண்ணோடு பஸ் ஏற முடியாதவர் வாடகைக் காருக்குக் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு, கூடப் போகும் மகனின் ஒரு நாள் சம்பளம் தனி. டாக்டர் கொடுத்த தவணை நாளைத் தவற விடுகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். அவர்களில் பலர் அந்த நாள் சம்பளத்தைத் தவற விட முடியாதவர்கள். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் எஸ்.டி.ஆர். பெறும் 40 வயது நிறைந்தவர்களுக்கு இலவசச் சுகாதாரப் பரிசோதனை தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வரும் செலவுக்கும் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை உதவுகிறது. நீரிழிவால் கண்ணோ காலோ சிறுநீரகமோ கெட்டு ஈப்போவுக்கு அலைகிறவர்களையும் அந்தப் போக்குவரத்து உதவியில் சேர்க்க வேண்டும். புதிதாக ஒரு துறையோ பெயரோ இதற்குத் தேவையில்லை. பரிசோதனைக்கு வருகிறவர்களின் பட்டியலும் அவர்களின் சர்க்கரை அளவும் அந்தத் திட்டத்தின் கையிலேயே இருக்கின்றன.

அந்தப் பரிசோதனைக்குத் தகுதி இருந்தும் போகாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய. எஸ்.டி.ஆர். வாங்குகிறவராகவோ அவர் கணவராகவோ மனைவியாகவோ இருந்து 40 வயதும் ஆகியிருந்தால், தனியாக எங்கும் பதியத் தேவையில்லை. மைகாட்டை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிட்டுப் போனால் போதும்.